தலைவர் வந்திட்டார், பங்கு எவ்வளவு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

வெள்ளவத்தையில பத்துப் பன்னிரண்டு பெடியளோட ஓடுற சின்ன சொப்ட்வெயார் கம்பனி ஒண்டில என்ர மகள் வேலை செய்யிறா, போன மாதம் பேர்பெற்ற முதலீட்டாளர் ஒருவர் காசு போட்டு பணிப்பாளர் சபைத் தலைவராவும் வந்திட்டார், எனக்கும் பெரிய சந்தோசம், ஏனெண்டா இந்தப் பெடியள் இவ்வளவு நாளும் சொந்தக் காசிலயும் கடனிலயும்தான் இழுத்துக்கொண்டு வந்தவை.

ஆனா ஒரு கவலையும் இருக்கு. டெஸ்லாவை 2003இல தொடங்கினது மார்ட்டின் எபர்ஹார்டும் மார்க் டார்பெனிங்கும், 2004இல ஈலோன் மஸ்க் 65 லட்சம் டொலர் அளவில போட்டுத் தலைவரானார், 2007இல எபர்ஹார்ட் பிரதம நிறைவேற்று அதிகாரி (சிஈஓ) கதிரையை விட்டு இறங்கவேண்டி வந்தது. தொடங்கினவனே வெளிய! ஆப்பிளுக்கு 1977இல மைக் மார்க்குலா 250,000 டொலர் குடுத்தவர், அதோட நிக்கேல்ல, வியாபாரத் திட்டம் எழுத உதவி, நிர்வாகத்துக்கு மைக் ஸ்கொட்டையும் கூட்டிக்கொண்டு வந்தவர். எனக்குப் பிடிச்சது இந்த மாதிரி ஆள்தான்.

எங்கட இலங்கையின்ர 2007ஆம் ஆண்டு கம்பனிச் சட்டப்படி பணிப்பாளர்மார் கம்பனியின்ர நலனுக்காகத்தான் நடக்கவேணும், தலைவரும் பணிப்பாளர்தானே. அதால முதலீட்டாளர் தலைவரா வந்தார் எண்டு நீங்கள் செய்தி போடேக்க மாலை போட்ட படத்தோட நிக்காம, அவருக்கு எவ்வளவு பங்கு குடுத்தவை, சபையில எத்தினை பேர், அவை ஆற்ற ஆக்கள், வேலைசெய்யிற பிள்ளையளுக்குப் பங்கு இருக்கோ எண்டும் கேட்டு எழுதுங்கோ.

வெள்ளவத்தை வாசகி