சாவி யாரிடம் என்று ஒரு பலகை வைக்கக் கோரி மனு

அனுப்புநர்:
ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவரும் அவருடைய தெருக்காரர்கள் 37 பேரும்,
ஈரோடு.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
ஈரோடு மாவட்டம்.

பொருள்: பவானி, சீனாபுரம், விஜயமங்கலம், சென்னிமலை, அரச்சலூர் ஆகிய இந்து, சமணத் தலங்களை ஒரே நாளில் பார்க்க வருவோருக்கு அறிவிப்புப் பலகையும் மாதம் ஒரு முறை அரசுப் பேருந்தும் வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவிலிருந்து 38 பேர் ஆளுக்கு 600 ரூபாய் போட்டு ஒரு பஸ் பிடித்தோம். புளிச்சோறும் தயிர்ச்சோறும் கட்டிக்கொண்டு விடியற்காலை 5 மணிக்குக் கிளம்பினோம். வழக்கமாகப் பழனிக்கோ மேல்மலையனூருக்கோ போகிறவர்கள்தான். இந்தத் தடவை நம்ம மாவட்டத்தையே ஒரு சுற்றுச் சுற்றிவிடலாம், சமணக் கோயில்களையும் சேர்த்துப் பார்க்கலாம் என்று நான்தான் ஆசை காட்டினேன். அதனால் அன்றைக்கு வாங்கிய பேச்சும் எனக்குத்தான்.

முதலில் பவானி கூடுதுறை. குளித்துவிட்டுச் சங்கமேசுவரரையும் வேதநாயகி அம்மனையும் கும்பிட்டோம். அங்குள்ள தந்தக் கட்டிலைத் தாங்கள் அறிந்திருப்பீர்கள். கோவை மாவட்ட ஆட்சியராக இருந்த வில்லியம் காரோ 1804-இல் அம்மனுக்குக் கொடுத்த காணிக்கை அது. மழை கொட்டிய ஓர் இரவில் சின்னப் பெண் ஒருத்தி வந்து எழுப்பி வெளியே கூட்டிப் போனாளாம், அவர் படுத்திருந்த மாளிகை அப்புறம் இடிந்து விழுந்ததாம் என்று இந்தப் பக்கத்தில் சொல்வார்கள். ஒரு கலெக்டர் கட்டிலே கொடுத்த மண்ணில் நாங்கள் கேட்கப்போவது சில பலகைகள்தான் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அங்கிருந்து பெருந்துறை வழியாகச் சீனாபுரம். ஞாயிறு என்பதால் மாட்டுச் சந்தைக் கூட்டம் இல்லை. நான் 31 ஆண்டுகள் நன்னூல் இலக்கணம் நடத்தியவன். அதை எழுதிய பவணந்தி முனிவரின் ஊராகச் சொல்லப்படும் சனகை இந்தச் சீனாபுரம்தான் என்பது கொங்கு நாட்டு வழக்கு. வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்தில் வரக்கூடிய ஊர். ஒரு பிள்ளையைக்கூட இங்கே கூட்டிவந்து காட்டியதில்லையே என்று அங்குள்ள சமணக் கோயிலான ஆதிநாதர் கோயில் முன்னால் நின்றபோது எனக்கே வெட்கமாக இருந்தது.

விஜயமங்கலம் என்றால் இன்றைக்கு எல்லோருக்கும் சுங்கச்சாவடிதான் ஞாபகம் வரும். பெருங்கதை என்ற பழைய காப்பியத்தைப் பாடிய கொங்குவேளிர் இந்த ஊரோடு சேர்த்துப் பேசப்படுகிறவர். இங்கே சமணர் வணங்கும் எட்டாம் தீர்த்தங்கரர் சந்திரபிரபருக்குக் கோயில் இருக்கிறது. நெடுஞ்சாலையை விட்டு இறங்கியதும் மூன்று பேரிடம் “சமணக் கோயில் எங்கே?” என்று கேட்டோம். மூவரும் விழித்தார்கள். நான்காவதாகச் சைக்கிளில் வந்த பையனிடம் “உயரமா ஒரு கோபுரம் இருக்குமே” என்றதும், “நெட்டைக் கோபுரமுங்களா? அப்பிடிச் சொல்லோணுமுங்க” என்று முன்னாலேயே ஓட்டிப்போய்க் காட்டினான். பலகை எழுதும்போது அந்தப் பெயரையும் தயவுசெய்து சேர்த்து எழுதுங்கள். அரசாங்கப் பெயர் மட்டும் இருந்தால் உள்ளூர்க்காரருக்கே வழி தெரியாது.

கர்நாடகாவின் சரவணபெளகொளாவில் கோமதேசுவரர் சிலையை நிறுவிய சாமுண்டராயரின் தங்கை புள்ளப்பை இந்த விஜயமங்கலத்தில்தான் உண்ணாநோன்பிருந்து உயிர் விட்டார். அதைச் சொல்லும் எழுத்து மண்டபத் தூணில் இருக்கிறது. அண்ணன் நிறுவிய சிலையைப் பார்க்க எங்கள் தெருவிலிருந்தே இரண்டு முறை கர்நாடகாவுக்குப் போய் வந்திருக்கிறார்கள். தங்கை இங்கே பக்கத்தில் இருப்பது அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. பொரிகடலைப் பையோடு சுற்றிக்கொண்டிருந்த பெண்கள் இதைக் கேட்டதும் அந்தத் தூணடியில் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்துவிட்டார்கள்.

இனி குறைக்கு வருகிறேன். அன்று பார்த்த இடங்களில் ஒன்றில் கதவு பூட்டிக் கிடந்தது. எந்த இடம் என்று எழுதப் போவதில்லை, யார் மீதும் புகார் சொல்வது எங்கள் நோக்கமல்ல. எதிர்க் கடை அம்மாவைக் கேட்டால், “சாவிக்காரரு காட்டுக்குப் போயிட்டாருங்க, பொழுதோடத்தான் வருவாருங்க” என்றார். அவருடைய போன் நம்பர் யாரிடமும் இல்லை. கம்பிக் கதவு வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, வெயிலில் முக்கால் மணி நேரம் காத்திருந்து திரும்பினோம். 80 வயது பாட்டி ஒருவர் கம்பியில் நெற்றியை வைத்துக் கும்பிட்டார். சாவி வைத்திருப்பவரும் சோற்றுக்கு வேலை பார்க்க வேண்டியவர்தானே? எந்நேரமும் வாசலில் உட்கார்ந்திருக்கச் சொல்ல முடியாது. அவர் நம்பரையும் திறக்கும் நேரத்தையும் கதவில் எழுதிவைத்தால் போதும், முந்தின நாளே சொல்லிவிட்டு வருவோம்.

சென்னிமலையில் சிக்கல் இல்லை. முருகன் கோயில், கூட்டம் வந்து பழகிய இடம். தரிசனம் முடித்து, ஆளுக்கொரு போர்வையும் வாங்கிக்கொண்டு இறங்கினோம்.

கடைசியாக அரச்சலூர் நாகமலை. அங்குள்ள பாறையில் தமிழி எனப்படும் பழந்தமிழ் எழுத்துகளைக் கண்டறிந்தவர் புலவர் செ. இராசு. வயது 1,600 ஆண்டுக்கு மேல். தேவன் சாத்தன் என்ற வண்ணக்கன், அதாவது காசு நோட்டம் பார்ப்பவர், பெயர் அதில் இருக்கிறது. பக்கத்திலேயே இப்படித் தாள எழுத்துகளின் ஓர் அடுக்கு:

த தை தா தை த
தை தா தே தா தை
தா தே தை தே தா
தை தா தே தா தை
த தை தா தை த

இடமிருந்து வலம், வலமிருந்து இடம், மேலிருந்து கீழ், எப்படிப் படித்தாலும் அதேதான் வரும். என் பேத்தி தாளம் போட்டுக்கொண்டே நான்கு பக்கமும் படித்துக் காட்டினாள். எழுத்து போட்டோவில் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று எங்கள் பையன் ஒருவன் சாக்பீஸை எடுத்துவிட்டான், கையைப் பிடித்து நிறுத்தினோம். அவனுக்குத் தெரியாது, பாவம். தெரியப்படுத்தத்தான் பலகை கேட்கிறோம்.

ஆகவே, முதன்மைச் சாலையிலிருந்து திரும்பும் இடங்களில் ஊர்க்காரர் சொல்லும் பெயரோடு வழிகாட்டிப் பலகை வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் திறக்கும் நேரம், சாவி வைத்திருப்பவரின் எண், கல்வெட்டு இருந்தால் அது சொல்லும் செய்தி ஆகியவை நாலு வரி எளிய தமிழில் இருக்க வேண்டும். நாகமலை அடிவாரத்தில் பெண்களுக்கு ஒரு கழிப்பறை வேண்டும். இதை மனுவில் எழுதக் கூச்சப்பட்டுத்தான் எங்கள் வீட்டுப் பெண்கள் என்னை எழுதச் சொன்னார்கள்.

பேருந்து எங்கள் இரண்டாவது கோரிக்கை. கும்பகோணத்திலிருந்து நவக்கிரகக் கோயில்களுக்கு 2024 முதல் அரசுப் போக்குவரத்துக் கழகமே ஒரு நாள் சுற்றுலாப் பேருந்து விடுகிறது. அதைப்போல மாதத்தில் ஒரு ஞாயிறு ஈரோடு பேருந்து நிலையத்திலிருந்து இந்த வழிக்கும் ஒன்று விடலாம். தனி பஸ் பிடிக்க வசதி இல்லாதவர்களும், கூட வர ஆள் இல்லாத முதியவர்களும் அதில் வருவார்கள். இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் பலகையை முதலில் வையுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பயணம் சென்ற 38 பேர் சார்பாக,
ஓய்வு பெற்ற தமிழாசிரியர், ஈரோடு.

இணைப்பு: 38 பேரின் கையொப்பம் (மூவர் கைரேகை), நாங்கள் சென்ற வழியின் கைவரைபடம்.