உப்பு தூக்கலான அந்தச் சோறு

ஆசிரியருக்கு வணக்கம்.

உணவு விமர்சனங்களில் ருசி, விலை, பரிமாறும் வேகம் எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போடுகிறார்கள், சரி. ஆனால் பத்து வருடம் கழித்தும் ஏதோ ஒரு சாப்பாடு மட்டும் ஞாபகத்தில் நிற்கிறதே, அது ஏன் என்று யாரும் எழுதக் காணோம்.

ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு வாசனைதான். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு பழ மிட்டாயைச் சப்பிப் பாருங்கள், இனிப்பு தெரியும், என்ன பழம் என்று தெரியாது. மூக்கை விட்டதும் சட்டென்று பிடிபடும். மூளையில் வாசனையை உணரும் பகுதிக்கும் ஞாபகம், உணர்ச்சி சம்பந்தப்பட்ட பகுதிகளுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. காதும் சும்மா இருப்பதில்லை. 2004-ல் வெளியான ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வு ஒன்றில், சிப்ஸ் கடிக்கும் ஓசையை ஹெட்போனில் கூட்டிக் கேட்கவைத்தபோது அதே சிப்ஸ் இன்னும் மொறுமொறுப்பாகத் தெரிந்தது.

எனக்கு மறக்காதது ஒரு வாரக் காய்ச்சலுக்குப் பிறகு சாப்பிட்ட வெறும் சோறு. உப்பு கொஞ்சம் தூக்கல். ராத்திரியெல்லாம் நெற்றியைத் தொட்டுப் பார்த்த அதே கை பிசைந்து கொடுத்தது, ஆவி மூக்கில் ஏறியதும் அத்தனை நாளாகக் காணாமல் போயிருந்த பசி திரும்பி வந்து, தட்டை வழித்துவிட்டு இன்னும் கொஞ்சம் என்று கேட்டேன். இதற்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பது?

இப்போதெல்லாம் தட்டு வந்ததும் கை முதலில் போனுக்குத்தான் போகிறது (என்னுடையதும்தான்). படம் எடுத்து முடிப்பதற்குள் ஆவி அடங்கிவிடுகிறது. உங்கள் உணவுப் பக்கத்தில் எழுதுபவர்கள் அடுத்த முறை யாருடன், எவ்வளவு பசியில் சாப்பிட்டோம் என்பதையும் ஒரு வரி சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்