கான்கார்டுக்குச் செய்தி கொண்டு சென்றவர் யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க விடுதலைப் போரின் தொடக்கம் குறித்துத் தங்கள் ஞாயிறு மலரில் வெளிவந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். 1775 ஏப்ரல் 18 இரவு பாஸ்டன் நகர வெள்ளிவேலைக் கலைஞர் பால் ரிவியர் தன்னந்தனியாகக் குதிரையில் விரைந்து, பிரிட்டிஷ் படை வருவதை அந்நகருக்கு அருகிலுள்ள லெக்சிங்டன், கான்கார்ட் ஆகிய இரண்டு ஊர்களுக்கும் அறிவித்தார் என்று அதில் எழுதப்பட்டுள்ளது. ரிவியர் அன்றிரவு கான்கார்டைச் சென்றடையவே இல்லை. 1861-இல் வெளிவந்த லாங்ஃபெலோவின் கவிதை பரப்பிய இந்தக் கதை, அவரோடு உயிரைப் பணயம் வைத்த மற்றவர்களை மறைத்துவிட்டது.

கான்கார்டில் சேர்த்து வைக்கப்பட்டிருந்த போர்த் தளவாடங்களை அழிக்கப் பாஸ்டனிலிருந்து பிரிட்டிஷ் படை புறப்படுவதை அறிந்த, பாஸ்டன் விடுதலை இயக்கத் தலைவர்களுள் ஒருவரான மருத்துவர் ஜோசப் வாரன், ஒருவர் பிடிபட்டாலும் மற்றவர் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக இரண்டு தூதர்களை இரண்டு வழிகளில் அனுப்பினார். வில்லியம் டாஸ் காவல் மிகுந்த நிலவழியே சென்றார். ரிவியர் படகில் ஆற்றைக் கடந்து, சார்லஸ்டவுனில் இரவல் குதிரை பெற்றுப் புறப்பட்டார். அன்றிரவு பாஸ்டன் தேவாலயக் கோபுரம் ஒன்றில் ஏற்றப்பட்ட இரண்டு விளக்குகளும், கவிதை சொல்வதற்கு மாறாக, ரிவியருக்குக் காட்டப்பட்டவை அல்ல. தூதர் எவருமே நகரைவிட்டு வெளியேற முடியாமல் போனாலும், படை நீர்வழியே வருகிறது என்பதை அக்கரையில் இருந்தோர் தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவரே முன்கூட்டிச் செய்து வைத்திருந்த ஏற்பாடு அது. தாம் தோற்றாலும் செய்தி தோற்கக் கூடாது என்று எண்ணிய அந்த முன்யோசனையையே அவருடைய பெருமைகளில் தலையாயதாக நான் கருதுகிறேன்.

லெக்சிங்டனில் தங்கியிருந்த விடுதலை இயக்கத் தலைவர்கள் ஜான் ஹான்காக்கையும் சாமுவேல் ஆடம்ஸையும் எச்சரித்த பின், ரிவியரும் டாஸும் கான்கார்டை நோக்கிப் புறப்பட்டனர். வழியில் கான்கார்டைச் சேர்ந்த இளம் மருத்துவர் சாமுவேல் பிரஸ்காட் அவர்களுடன் சேர்ந்துகொண்டார். அந்தச் சாலையில் உள்ளவர்கள் தம்மை அறிவார்கள் என்பதால், தாம் உடன் வந்தால் சொல்வதைக் கூடுதலாக நம்புவார்கள் என்று அவர் கூறியதை ரிவியரே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். நள்ளிரவில் கதவைத் தட்டி, துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வா என்று அழைப்பவர் தெரிந்த முகமாக இருப்பது எவ்வளவு முக்கியம் என்பதை நாம் எளிதில் உணரலாம்.

சிறிது தொலைவிலேயே பிரிட்டிஷ் ரோந்து அதிகாரிகள் அவர்களை மறித்தார்கள். பிரஸ்காட் தம் குதிரையைத் தாழ்வான கற்சுவர் ஒன்றைத் தாண்டச் செய்து தப்பினார். டாஸும் தப்பினார், ஆனால் மேற்கொண்டு செல்ல இயலவில்லை. பிடிபட்ட ரிவியரைத் தலையில் கைத்துப்பாக்கியை வைத்து விசாரித்து, பின்னர் குதிரையைப் பறித்துக்கொண்டு விட்டுவிட்டார்கள். அவர் லெக்சிங்டனுக்குத் திரும்பி, ஹான்காக்கின் ஆவணங்கள் இருந்த பெட்டியை எதிரியின் கையில் சிக்காமல் அகற்ற உதவினார். கான்கார்டுக்குச் செய்தியைக் கொண்டு சேர்த்தவர் பிரஸ்காட்தான்.

அங்கும் அது நின்றுவிடவில்லை. ஆலய மணிகளும் முரசொலியும் துப்பாக்கி வெடிகளும் ஊருக்கு ஊர் எச்சரிக்கையைக் கடத்த, பெயர்கூடப் பதிவாகாத பலர் குதிரையேறிப் புறப்பட்டார்கள். மறுநாள் பிரிட்டிஷ் படை பாஸ்டனுக்குத் திரும்பிய வழியெங்கும் ஆயிரக்கணக்கான குடிப்படையினர் திரண்டு வந்து தாக்கியதும், அப்படையில் 73 பேர் உயிரிழந்ததும் இந்தப் பரவலான ஏற்பாட்டின் விளைவே. ஒரே ஒரு வீரரின் சவாரியாக இதைச் சொன்னால், அத்தனை பேர் அவ்வளவு விரைவில் எப்படிக் கூடினார்கள் என்பதற்கு விடையே கிடைக்காது.

அந்தக் கட்டுரையைப் படிக்கும் மாணவர்கள் பலர் இருப்பார்கள் என்பதால், டாஸ், பிரஸ்காட் ஆகியோரின் பங்கைக் குறிப்பிட்டு ஒரு திருத்தத்தை அடுத்த ஞாயிறு மலரிலேயே வெளியிடுமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்