கரண்டியை விட்டுவிட்டீர்களே

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் சோஷலிச அரசியலில் வடிவமைப்பின் பங்கு பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். சிலியை எடுத்துக்கொண்டதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் எல்லோரும் போடுகிற அதே படத்தைத்தான் நீங்களும் போட்டிருக்கிறீர்கள். தலைநகர் சாண்டியாகோவில் சோஷலிச அதிபர் அலெண்டே ஆட்சியில் கட்டிய சைபர்சின் அறை, அதாவது அரசு ஆலைகளின் நிலவரத்தைத் திரையில் பார்த்து முடிவெடுப்பதற்கான அறை, அறுகோணச் சுவர்கள், ஏழு சுழல் நாற்காலிகள், ஏதோ விண்வெளிப் படத்துக்குப் போட்ட செட் மாதிரி. அறையை வடிவமைத்த குயி போன்சீப்பின் குழு இன்டெக் என்ற அரசுத் தொழில்நுட்ப நிறுவனத்தில் வேறு என்னவெல்லாம் செய்தது என்று ஒரு வரிகூட இல்லை.

அவர்கள் பால்பவுடர் அளக்க ஒரு கரண்டி செய்தார்கள். குழந்தைகளுக்குத் தினமும் அரை லிட்டர் பால் என்பது அலெண்டேயின் தேர்தல் வாக்குறுதி. பவுடரை வீட்டுக்குக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்ததா? கலக்கும்போது பவுடர் குறைந்தால் குழந்தை வயிறு நிறையக் குடித்தும் சத்துக்குறைவோடு இருக்கும், கூடினால் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது, கைக்குழந்தைக்கு இது சின்ன விஷயம் இல்லை. அளவு தெரிந்த கரண்டி ஒன்று கையில் இருந்தால் அள்ளி, மேலே வழித்துவிட்டு, தண்ணீரில் போட வேண்டியதுதான். எழுதப் படிக்கத் தெரியாத தாயும் அளவு தப்பாமல் கலக்கலாம். நாடாளுமன்றத்தில் பெரும்பான்மை இல்லாமல் ஒவ்வொரு சட்டத்துக்கும் மல்லுக்கட்டிய அரசு அது. வாக்குறுதி வீட்டு அடுப்படிவரை போய்ச் சேர்ந்ததா என்பது இந்த மாதிரிப் பொருள்களில்தான் தெரியும்.

அதே குழு விவசாயக் கருவிகளையும் மலிவு விலைத் தட்டு, கோப்பைகளையும் வடிவமைத்தது. வெளிநாட்டு வடிவத்துக்கு உரிமத்தொகை கட்டி டாலரை இழக்காமல், உள்ளூர் ஆலையில் முடிகிற மாதிரி வரைவது என்பதுதான் யோசனை. இதை அரசியல் இல்லை, வெறும் தொழில்நுட்பம் என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும்.

சரி, அந்த அறைக்கே வருவோம். நாற்காலிக் கைப்பிடியில் பெரிய பெரிய பொத்தான்கள், தட்டச்சுப் பலகை கிடையாது. உட்காரப் போகிற ஆண்களுக்குத் தட்டச்சு வராது என்பது ஒரு காரணம், நடுவில் பெண் செயலர் ஒருவர் தேவைப்படக் கூடாது என்பது இன்னொன்று. ஆனால் திரையில் விழுந்த வரைபடங்களைக் கையால் வரைந்தவர்களோ இளம் பெண் வடிவமைப்பாளர்கள்! யார் முடிவெடுப்பார்கள், யார் வெளியே நிற்பார்கள் என்று கட்சிக் கூட்டத்தில் யாரும் தீர்மானம் போடவில்லை, கைப்பிடியின் வடிவமே தீர்மானித்துவிட்டது. தொழிலாளர்களையும் அங்கே உட்காரவைப்போம் என்று சைபர்சின் திட்டத்தை வகுத்த பிரிட்டிஷ் நிபுணர் ஸ்டாஃபோர்ட் பீர் ஆசைப்பட்டது உண்மைதான், நடக்கவில்லை.

அப்புறம் ஒரு விஷயம். 1972 அக்டோபரில் லாரி முதலாளிகள் வேலைநிறுத்தம் செய்து நாட்டையே முடக்கப் பார்த்தபோது கைகொடுத்தது இந்த அறை இல்லை, அது அப்போது தயாராகவே இல்லை. ஆலைகளில் இருந்த டெலக்ஸ் இயந்திரங்கள்தான் உதவின, தட்டச்சு செய்த செய்தியைக் கம்பி வழியே அனுப்புகிற இயந்திரங்கள் அவை. எந்தச் சாலை திறந்திருக்கிறது, எங்கே சரக்கு தீர்ந்துவிட்டது என்று இரவு பகலாகச் செய்தி போனது, அரசின் கையில் மிஞ்சியிருந்த சுமார் 200 லாரிகளை வைத்தே சமாளித்தார்கள். பழைய, சத்தம் போடுகிற இயந்திரம், அழகு என்று சொல்ல அதில் ஒன்றுமே இல்லை.

1973 செப்டம்பர் 11 ராணுவக் கவிழ்ப்புக்குப் பிறகு அந்த அறையை உடைத்துவிட்டார்கள். படங்கள் மட்டும் பிழைத்துக்கொண்டன, அதனால்தானோ என்னவோ எல்லோரும் அதையே போடுகிறார்கள். அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது கரண்டிப் படத்தைப் போடுங்கள். அட்டைக்கு எடுப்பாக இருக்காது, உள்பக்கத்தில் ஒரு மூலையில் போட்டாலும் போதும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்