சுற்றுச்சூழல் கல்வியில் ஆய்வு செய்ய வரும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

எம்.எஸ்சி. சுற்றுச்சூழல் அறிவியல் முடித்துவிட்டாய். சுற்றுச்சூழல் கல்வியால் பள்ளிப் பிள்ளைகளிடம் என்ன மாறுகிறது என்று முனைவர் பட்டத்துக்கு ஆராய வேண்டும் என்கிறாய். நல்ல முடிவு. 1991-இல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்கச் சொன்னது. பிறகு பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) எல்லா இளநிலைப் பட்ட மாணவர்களுக்கும் ஒரு தாளை வகுத்தது: 50 வகுப்புகள், எழுத்துத் தேர்வுக்கு 75 மதிப்பெண், களப்பணிக்கு 25. பாடம் நடக்கிறது. படித்ததால் எது மாறியது என்று கவனமாக அளந்தவர்கள்தான் குறைவு.

முதலில், எந்தத் துறையில் பதிவது? இதே தலைப்பைக் கல்வியியலிலும் பதியலாம், சுற்றுச்சூழல் அறிவியலிலும் பதியலாம். வேலைக்கு விண்ணப்பிக்கும்போதுதான் வித்தியாசம் தெரியும். பி.எட். கல்லூரிகளில் கற்பிக்க, தேசிய ஆசிரியர் கல்விக் குழுவின் (என்சிடிஇ) விதிப்படி பொதுவாக எம்.எட். வேண்டும், கல்வியியலில் முனைவர் பட்டம் மட்டும் இருந்தால் போதாது. உன்னிடம் எம்.எட். இல்லை. ஆகவே சுற்றுச்சூழல் அறிவியலிலேயே பதிந்து, கல்வியியல் பேராசிரியர் ஒருவரை இணை வழிகாட்டியாகக் கேள். யுஜிசி நடத்தும் தகுதித் தேர்வான நெட்டையும் அதே பாடத்தில் எழுது. அதன் வழியே கிடைக்கும் ஆய்வு உதவித்தொகையான ஜேஆர்எஃப்-க்கு வயது வரம்பு 30 என்றாலும் பெண்களுக்கு 5 ஆண்டு தளர்வு உண்டு. கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், அதன்பின் 42,000.

இனி ஆய்வுமுறை. இங்கேதான் பல ஆய்வேடுகள் சறுக்குகின்றன. வினாத்தாள் கொடுத்து, பாடம் நடத்தி, மறுபடி வினாத்தாள் கொடுத்து, மதிப்பெண் கூடியதைக் காட்டி முடித்துவிடுகிறார்கள். பிளாஸ்டிக் கெடுதல் என்று எழுதத் தெரிந்த பிள்ளை அதே பிளாஸ்டிக் உறையைச் சன்னல் வழியே வீசுவதை அந்த வினாத்தாள் காட்டாது.

மனப்பாங்கை அளக்கப் பலரும் எடுப்பது 2000-இல் திருத்தப்பட்ட என்இபி (New Ecological Paradigm) அளவுகோல்; கல்விக் கொள்கை என்இபி அல்ல. 15 கூற்றுகள். ஒற்றைப்படை எண்ணுள்ள எட்டும் சூழலுக்கு ஆதரவானவை, இரட்டைப்படை ஏழும் எதிரானவை. அந்த ஏழின் மதிப்பெண்ணைத் திருப்பிப் போட மறந்தால் மொத்தக் கணக்கும் பாழ். திருப்பினாலும் ஒரு சிக்கல் இருக்கிறது: எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பலர் ஆசிரியருக்குப் பிடிக்கும் என்று எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ போடுவார்கள், கூற்றுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதைக் காட்டும் குரோன்பாக் ஆல்ஃபா என்ற எண் சரிந்துவிடும். இந்த ஆங்கில அளவுகோலை ஒருவர் தமிழாக்க, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதை ஆங்கிலத்துக்குத் திருப்பட்டும். பிறகு பத்துப் பிள்ளைகளிடம் ஒவ்வொரு கூற்றையும் வாசிக்கச் சொல்லி, என்ன புரிந்தது என்று கேள். நிரப்பும் நேரத்தில் வகுப்பாசிரியர் வெளியே இருக்கட்டும்.

இதோடு நடத்தையையும் அளந்துவிடு. எளிய வழி, பள்ளிக் குப்பையை நிறுப்பது. காகிதம், பிளாஸ்டிக், சத்துணவு மிச்சம் என மூன்று வாளிகள். 10 கிராம் துல்லியமுள்ள தொங்கும் டிஜிட்டல் தராசு. வெறும் வாளியின் எடையைக் கழித்து, வந்த எண்ணை அன்றைய வருகையால் வகு. தொடர்ந்து ஐந்து வேலை நாட்கள் நிறுக்க வேண்டும். சத்துணவுப் பட்டியல் கிழமைக்குக் கிழமை மாறும் என்பதால் திங்களைத் திங்களோடுதான் ஒப்பிடலாம். நனைந்த காகிதம் எடையைக் கூட்டிக் காட்டும், மழை நாளைத் தவிர். தூய்மைப் பணியாளரிடம் முதல் நாளே பேசிவிடு. இல்லையென்றால் நீ போகும்முன் குப்பை எரிந்து முடிந்திருக்கும்.

மாதிரி அளவில் ஏமாந்துவிடாதே. ஒரே வகுப்புப் பிள்ளைகள் ஒரே ஆசிரியரிடம் படிப்பவர்கள், பதில்களும் ஒத்துப்போகும். அந்த ஒற்றுமையின் அளவு 0.1 என்று வைத்துக்கொள். 40 பேர் கொண்ட ஐந்து வகுப்புகள் என்றால் 1 + (40 − 1) × 0.1 = 4.9. 200-ஐ இதால் வகுத்தால், உன் 200 பேர் உண்மையில் 41 பேருக்குச் சமம். பத்து வகுப்புகளில் 20 பேர் வீதம் எடுத்தால் அதே 200 பேர் 69-க்குச் சமமாவார்கள். நிறைய வகுப்புகள், குறைந்த பிள்ளைகள் என்று திட்டமிடு. 8-ஏ பிரிவுக்குப் பாடம் நடத்தி 8-பி பிரிவை ஒப்பீட்டுக் குழுவாக வைக்காதே, இடைவேளையில் பேசிக்கொள்வார்கள். ஒப்பீட்டுக்கு வேறு பள்ளிதான் சரி.

அரசுப் பள்ளி என்றால் முதன்மைக் கல்வி அலுவலரின் எழுத்து அனுமதியைக் கோடை விடுமுறைக்கு முன்பே கேட்டுவிடு. ஜூலையில் முன்தேர்வு, காலாண்டுத் தேர்வுக்கு முன் பின்தேர்வு, ஜனவரியில் மீண்டும் ஓர் அளவீடு. அந்த ஜனவரி அளவீட்டை நேரமில்லை என்று விட்டுவிடுகிறார்கள். மாற்றம் நிலைத்ததா என்பதை வேறு எப்படி அறிவது?

கடைசியாக, பெண்ணாக உனக்குள்ள உரிமைகள். முனைவர் பட்டத்துக்கான யுஜிசியின் 2022 விதிமுறைகளில் இவை எழுத்தாகவே இருக்கின்றன. மகப்பேறு, குழந்தை வளர்ப்புக்கு 240 நாட்கள் வரை விடுப்பு. ஆறு ஆண்டுகளுக்குள் முடியாவிட்டால் மறுபதிவில் இரண்டு ஆண்டுகள், பெண்களுக்கு மேலும் இரண்டு. மொத்தம் பத்தைத் தாண்டக்கூடாது. திருமணத்தாலோ வேறு காரணத்தாலோ ஊர் மாறினால் ஆய்வுத் தரவுகளைப் புதிய பல்கலைக்கழகத்துக்கு எடுத்துச் செல்லலாம், பழைய நிறுவனத்துக்கு உரிய அங்கீகாரம் தந்துவிட்டு. வெளி நிதியுதவி அமைப்பு ஒன்று பழைய நிறுவனத்துக்கோ வழிகாட்டிக்கோ வழங்கிய திட்டத்தின் தரவுக்கு மட்டும் இந்த உரிமை கிடையாது. ஆகவே ஒரு திட்டத்தில் சேர்ந்து அதிலேயே ஆய்வேடும் எழுதுவதாக இருந்தால், எந்தத் தரவு உன்னுடையது, எது திட்டத்துடையது என்று வழிகாட்டியிடம் சேரும் நாளிலேயே எழுதி வாங்கிக்கொள்.

அன்புடன்,
அக்கா