ரேரா எண் மட்டும் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் வரும் மும்பைப் புறநகர் வீட்டு விளம்பரங்கள் இரண்டு கேள்விகளுக்கே பதில் சொல்கின்றன: ஸ்டேஷனிலிருந்து எத்தனை நிமிடம், சதுர அடி என்ன விலை. தாராவி, சயான், செம்பூர் பக்கம் ஒற்றை அறையில் பிள்ளைகளை வளர்த்துவிட்டு, கல்யாண், பத்லாபூர், நாலாசோபாரா, விரார் என்று வீடு தேடிப் போகும் நம்மவர்களும் அந்த இரண்டைத்தான் கேட்கிறார்கள். மூன்றாவதாக எதைக் கேட்டாலும் "ரேரா இருக்கு சார், லோன் கிடைக்கும் சார்" என்று புரோக்கர் முடித்துவிடுகிறார். ரேரா எண்ணும் (வீட்டுத் திட்டங்களுக்கு அரசின் ஒழுங்குமுறை ஆணையம் தரும் பதிவெண்) வங்கிக் கடனும் இருந்தும் வீடு கையைவிட்டுப் போகலாம்.

கல்யாண்-டோம்பிவிலியில் நடந்ததைப் பாருங்கள். 65 கட்டடங்களுக்கு மாநகராட்சி அனுமதி கொடுத்ததுபோல் போலித் தாள்கள் தயாரித்து, அவற்றைக் காட்டியே மகாராஷ்டிர ரேரா ஆணையமான மகாரேராவில் பதிவெண் வாங்கியிருந்தார்கள். அவற்றை இடிக்கும்படி 2024 நவம்பரில் மும்பை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த வீடுகளைப் பலர் வங்கிக் கடனில்தான் வாங்கியிருந்தார்கள். நாலாசோபாரா கிழக்கில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்கும் குப்பைக் கிடங்குக்கும் ஒதுக்கிய நிலத்தில் எழுந்த 41 கட்டடங்கள் நீதிமன்ற உத்தரவால் தரைமட்டமாயின. மும்ப்ரா அருகே ஷீல்பாட்டாவில் அனுமதியில்லாமல் எழுப்பிக்கொண்டிருந்த கட்டடம் 2013 ஏப்ரலில் சரிந்து 74 பேர் இறந்தார்கள். விராரில் 2025 ஆகஸ்டில் நான்கு மாடிக் கட்டடம் இடிந்து 17 பேர். பாதுகாப்பான பகுதியா என்று கேட்கும்போது நமக்குத் திருட்டும் தெருவிளக்கும்தான் நினைவுக்கு வருகின்றன. இந்தப் பகுதிகளில் முதல் ஆபத்து தலைக்கு மேலிருக்கும் ஸ்லாப். இரண்டாவது, அதற்கான தாள்.

ஆகவே மகாரேரா தளத்தில் எண்ணைத் தட்டிப் பார்ப்பது தொடக்கம்தான். தானே மாவட்டத் திட்டங்களின் எண்கள் பல ஆண்டுகளாக பி517 என்றும், பால்கர் மாவட்டத்தினுடையவை பி990 என்றும் தொடங்கின. விரார் கட்டடத்துக்கு பி517 எண்ணைக் காட்டினால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம். 2023 ஆகஸ்ட் முதல் விளம்பரத்தில் க்யூ.ஆர். கோடும் இருந்தாக வேண்டும். தளத்தில் திறக்கும் பக்கத்தில் நான்கு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: நிலத்தின் சர்வே எண்ணும் ஹிஸ்ஸா (உட்பிரிவு) எண்ணும், அனுமதித்த மாடிகள், முடிக்க வேண்டிய தேதி எத்தனை முறை தள்ளிப்போயிருக்கிறது, நிலுவையிலுள்ள வழக்குகள். அங்கே ஏற்றியிருக்கும் கட்டுமானத் தொடக்கச் சான்றை, அதாவது சி.சி.யை, இறக்கி அச்செடுத்துக்கொள்ளுங்கள்.

அதன்பிறகு அந்த அச்சை எடுத்துக்கொண்டு மாநகராட்சியின் நகர ரச்னா (நகரத் திட்டமிடல்) பிரிவுக்குப் போக வேண்டும். பெரும்பாலோர் விட்டுவிடும் படி இதுதான். சி.சி.யின் ஜாவக் (அனுப்புகைப் பதிவு) எண்ணும் தேதியும் அவர்களுடைய பதிவேட்டில் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். வாய்மொழியாகச் சொல்ல மறுத்தால், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு: இந்தச் சர்வே எண்ணில் கொடுத்த சி.சி.யின் நகல், எத்தனை மாடிக்கு அனுமதி, ஓ.சி. (குடியேறலாம் என்ற சான்று) கொடுத்திருந்தால் அதன் நகல், இடிப்பு நோட்டீஸ் ஏதும் உண்டா. பதிலுக்கு 30 நாள் ஆகும். 'இந்த வாரமே டோக்கன் கொடுத்தால் இரண்டு லட்சம் தள்ளுபடி' என்று விற்பவர்கள் அவசரப்படுத்துவது இந்த 30 நாளைக் கடந்துவிடத்தான். எழுதிப் பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது என்று ரேரா சட்டத்தின் 13-ஆம் பிரிவு சொல்கிறது என்பதையும் அவர்களுக்கு நினைவூட்டலாம்.

ஓ.சி. என்பது, அனுமதித்த வரைபடப்படி கட்டி முடித்தாயிற்று, குடியேறலாம் என்று மாநகராட்சி தரும் சான்று. மராத்தியில் போகவட்டா பிரமாணபத்ர என்று இருக்கும். 'பார்ட் ஓ.சி.' என்றால் எந்த விங், எத்தனையாவது மாடி வரை என்று வரி வரியாகப் பாருங்கள். தரைத்தளமும் நான்கு மாடியும் என்று அனுமதி வாங்கி ஏழு மாடி எழுப்பி, மேல் மூன்றைச் சற்று மலிவாகத் தள்ளிவிடுவது இங்கே பழைய வித்தை. ஓ.சி. இல்லாத கட்டடத்தில் முறையான தண்ணீர் இணைப்புக்கு அலைய வேண்டும். சொத்து வரியோடு அபராதமும் சேரும். பின்னாளில் விற்கப் போனால் நல்ல வங்கி எதுவும் கடன் தராது. ஓ.சி. கேட்டால் சொத்து வரி ரசீதையும் மகாவிதரண் மின்கட்டண பில்லையும் நீட்டுவார்கள். சட்டவிரோதக் கட்டடத்துக்கும் வரி வசூலிக்கிறார்கள். அதனால் கட்டடம் சட்டப்படியானதாகிவிடாது. கிராம பஞ்சாயத்து அனுமதி என்று பழுப்புத் தாளைக் காட்டினாலும் அப்படியே. பல மாடிக் கட்டடத்துக்கு அனுமதி தரும் அதிகாரம் பஞ்சாயத்துக்கு இல்லை. கல்யாணைச் சுற்றியுள்ள 27 கிராமங்களில் இந்தத் தாளை நம்பி வாங்கியவர்கள் ஏராளம்.

நிலத்தின் சாத்-பாராவையும் (7/12 என்னும் நில உரிமைப் பதிவு) ஒருமுறை படித்துவிடுங்கள். பெயர்களைவிட 'இதர் ஹக்க' (மற்ற உரிமைகள்) என்ற கட்டம் முக்கியம். அடமானம், குத்தகைதாரர் உரிமை, தனியார் வனம் என்ற குறிப்பு எல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கும். 'போகவட்டாதார் வர்க்-2' என்றிருந்தால் கலெக்டர் அனுமதி இல்லாமல் அந்த நிலத்தைக் கைமாற்ற முடியாது. நவி மும்பையில் அந்நகரை உருவாக்கிய அரசு நிறுவனமான சிட்கோவின் நிலம் 60 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தது. சிட்கோவின் மாற்ற ஒப்புதலும் கட்டணமும் கணக்கில் இருக்க வேண்டும். ஆனால் சிட்கோ வகுத்த அதே நகரப் பகுதிகளுக்கு நடுவே இருக்கும் காவ்டாண் (பழைய கிராமக் குடியிருப்பு) கட்டடங்கள் வேறு ரகம். திகாவில் அனுமதியில்லாமல் எழுந்த கட்டடங்களை இடிக்க 2015-இல் உயர்நீதிமன்றம் உத்தரவிட்டதை இந்தப் பக்கத்து வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

பழைய வீடு வாங்குவோருக்கு என் கருத்து: ஓ.சி.யும் பதிவான சொசைட்டியும் (வீட்டுவசதிச் சங்கம்) உள்ள 15 வயதுக் கட்டடம், ஓ.சி. 'வந்துகொண்டே இருக்கும்' புதுக் கோபுரத்தைவிட மேல். முதல் விற்பனையிலிருந்து இன்றுவரையிலான எல்லா ஒப்பந்தங்களும் இண்டெக்ஸ்-2 (பத்திரப் பதிவுச் சுருக்கம்) நகல்களும் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். நடுவில் ஒன்று விட்டுப்போனாலும் வங்கி திருப்பி அனுப்பும். கன்வேயன்ஸ் (நில உரிமை மாற்றம்) முடிந்து நிலம் சொசைட்டி பெயரில் இருக்கிறதா என்று கேளுங்கள். கட்டட வயது 15 முதல் 30 வரை என்றால் ஐந்தாண்டுக்கு ஒருமுறையும், 30-ஐத் தாண்டினால் மூன்றாண்டுக்கு ஒருமுறையும் ஸ்ட்ரக்சுரல் ஆடிட் (கட்டட உறுதிச் சோதனை) நடக்க வேண்டும் என்பது மாதிரித் துணைவிதி. அந்த அறிக்கையைச் செயலாளரிடம் கேட்டு வாங்கிப் படியுங்கள். உயரமான கட்டடமென்றால் தீயணைப்புக் கருவிகளுக்கான அரையாண்டு 'பி' படிவத்தையும் கேட்கலாம். வீடு கைமாறும்போது சொசைட்டி வாங்கும் மாற்றப் பிரீமியம் 25,000 ரூபாய்க்கு மேல் கேட்க விதி இடம் தரவில்லை. ஸ்டில்ட் (கட்டடத் தூண்களுக்கு நடுவே உள்ள தரைத்தளம்), திறந்தவெளி பார்க்கிங்கை பில்டர் தனியாக விலை வைத்து விற்க முடியாது என்று உச்சநீதிமன்றம் 2010-இலேயே சொல்லிவிட்டது.

விலைக் கணக்கு சுருக்கமாக. 700 சதுர அடி, அடிக்கு 6,000 என்றால் 42 லட்சம். ரேரா கார்ப்பெட், அதாவது வீட்டுக்குள் புழங்கும் பரப்பு, 420 சதுர அடிதான் என்றால் உண்மை விலை அடிக்கு 10,000. இரண்டு வீடுகளை ஒப்பிடுவதென்றால் இந்த இரண்டாவது எண்ணை வைத்தே ஒப்பிடுங்கள். கல்யாண்-டோம்பிவிலி எல்லைக்குள் முத்திரைத்தாள் 7 சதவீதம், அதாவது 2,94,000. பெண் பெயரில் மட்டும் பதிந்தால் 6 சதவீதம். கணவர் பெயரும் சேர்ந்தால் சலுகை கிடையாது. பதிவுக்கட்டணம் 30,000. கட்டி முடியாத வீட்டுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், 45 லட்சத்துக்கும் 60 சதுர மீட்டர் கார்ப்பெட்டுக்கும் உட்பட்டிருந்தால் 1 சதவீதம். ஓ.சி. வந்த பிறகு முழு விலையும் கொடுத்து வாங்கினால் ஜி.எஸ்.டி. இல்லை.

ரயிலுக்கு வருவோம். வீடு காட்ட ஞாயிற்றுக்கிழமை கார் வைத்துக் கூப்பிடுகிறார்கள். அன்று ரயிலைப் பார்த்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. கூட்டமும் குறைவு, பராமரிப்புக்காக ரயில்களை நிறுத்தும் மெகா பிளாக்கும் அன்றுதான். திங்கள் முதல் வெள்ளிக்குள் ஒரு நாள் காலை ஏழரைக்கு அந்த ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் நின்று, வேலைக்குப் போகிறவர் போகிற பெட்டியிலேயே ஏறிப் பாருங்கள். மாலை ஏழு மணிக்குத் திரும்பிப் பாருங்கள். தென் மும்பை ரயில் முனையமான சி.எஸ்.எம்.டி.யிலிருந்து கல்யாண் சுமார் 54 கி.மீ., பத்லாபூர் 68. வித்தியாசம் 14 கி.மீ. என்று கணக்குப் போடக்கூடாது. கல்யாண் வரை குறைந்தது நான்கு தடங்கள்; அதைத் தாண்டினால் கசாரா பக்கம், கர்ஜத் பக்கம் என்று பாதை பிரிந்து, மெயில் வண்டிகளும் லோக்கலும் ஒரே இரட்டைத் தடத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. அதனால் வண்டிகளும் குறைவு, ஒன்றைத் தவறவிட்டால் காத்திருப்பும் அதிகம். கல்யாண்-பத்லாபூர் மூன்றாம், நான்காம் தடங்கள் வரப்போவதாகச் சொல்லி விலையேற்றினால், தண்டவாளம் எந்த ஊர் வரை போட்டாயிற்று என்று நேரில் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

தூரம் குறைந்தால் பயணம் எளிது என்றும் எண்ண வேண்டாம். தீவா, மும்ப்ரா, கல்வா எல்லாம் டோம்பிவிலியைவிட மும்பைக்கு அருகில் இருப்பவை. ஆனால் அங்கே வண்டி நிரம்பித்தான் வந்து நிற்கும். 2025 ஜூன் 9 அன்று மும்ப்ரா வளைவில் எதிரெதிரே கடந்த இரு லோக்கல்களின் படிகளில் தொங்கியவர்கள் உரசிக் கீழே விழுந்ததும், உயிர்கள் போனதும் தெரிந்ததே. வண்டி புறப்படும் ஸ்டேஷன் எது என்று பார்த்து, அதை ஒட்டி வீடு தேடுவதே புத்திசாலித்தனம். கணவருக்குக் குர்லாவில் வேலை, மனைவிக்கு ஐரோலியில் வேலை என்றால் நவி மும்பைக்குப் போகும் டிரான்ஸ்-ஹார்பர் ரயில் பாதை தொடங்கும் தானேயை மையமாக வைத்துப் பாருங்கள். இரவு பத்தரைக்கு மேல் ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு ஷேர் ஆட்டோ கிடைக்கிறதா, நடக்கும் வழியில் கடைகள் திறந்திருக்கின்றனவா என்பதைப் பெண்களே ஒருமுறை போய்ப் பார்த்துச் சொல்லட்டும்.

தண்ணீர் இரு வகையில் கெடுக்கும். பத்லாபூர், வாங்கணி பக்கம் உல்லாஸ் நதி. அம்பர்நாத், உல்லாஸ்நகர், கல்யாண் பக்கம் வால்துனி. 2019 ஜூலை 27 அன்று வாங்கணி அருகே ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகளோடு மகாலட்சுமி எக்ஸ்பிரஸ் வெள்ளத்தில் மாட்டியது உல்லாஸ் நதியால்தான். நீர்வளத் துறை வரைந்த நீலக்கோடு 25 ஆண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளத்தின் எல்லை, சிவப்புக்கோடு 100 ஆண்டுக்கு ஒருமுறை வருவதன் எல்லை. மனையின் டி.பி. ரிமார்க் (நகர வளர்ச்சித் திட்டத்தில் அந்த மனை பற்றிய குறிப்பு) வாங்கினால் அது எந்தக் கோட்டுக்குள் விழுகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். நீலக்கோட்டுக்குள் என்றால் பேச்சே வேண்டாம். வசாய், நாலாசோபாரா தாழ்ந்த நிலம். அங்கே வீட்டை ஜூலையில் பாருங்கள், பிப்ரவரியில் எல்லாத் தெருவும் அழகுதான்.

அடுத்தது குடிநீர். ஆளுக்கு 135 லிட்டர் என்றால் நான்கு பேர் வீட்டுக்கு 540 லிட்டர், 100 வீட்டுக்கு 54,000 லிட்டர், அதாவது 10,000 லிட்டர் டேங்கர் ஐந்துக்கு மேல் தினமும். மாநகராட்சிக் குழாய் இதில் எவ்வளவு தருகிறது, மீதியை டேங்கரில் வாங்க மாதம் எவ்வளவு ஆகிறது என்பதைச் சொசைட்டியின் கடந்த மே மாதக் கணக்கில் பார்த்துவிடலாம். போர்வெல் தண்ணீரென்றால் அதில் உப்பு எவ்வளவு என்று கீசர் காயிலைக் கழற்றிப் பார்த்த பிளம்பர் ஒருவரிடம் கேளுங்கள், விற்பனை அலுவலகத்தைவிட அவர் உண்மை சொல்வார்.

டோம்பிவிலி கிழக்கில் எம்.ஐ.டி.சி. (அரசுத் தொழிற்பேட்டை) ரசாயன ஆலைகளுக்குப் பக்கத்தில் வீடு பார்ப்போர் 2016 மே, 2024 மே வெடிவிபத்துகளை நினைவில் வைத்துத் தூரத்தை அளந்துகொள்வது நல்லது. பள்ளியென்றால் 27-இல் தொடங்கும் 11 இலக்க யு-டைஸ் எண்ணை (பள்ளிக்கு அரசு தரும் அடையாள எண்) கேளுங்கள். அனுமதியற்ற பள்ளிகளின் பட்டியலைக் கல்வித் துறை வெளியிடுகிறது. மும்பை மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு எல்லை தாண்டினால் அந்த வழி ஏறக்குறைய அடைபட்டுவிடும் என்பதையும் யோசித்து, வகுப்பு மாறும் ஆண்டில் குடிபெயருங்கள்.

உங்களுக்கு ஒரு வேண்டுகோள். மழைக்கு முன்பாக ஒவ்வொரு மாநகராட்சியும் அபாயக் கட்டடங்களைத் தரம் பிரித்துப் பட்டியலிடுகிறது. சி-1 என்றால் காலி செய்து இடிக்க வேண்டியது, சி-2ஏ என்றால் காலி செய்து பழுதுபார்க்க வேண்டியது. அனுமதியற்ற கட்டடங்களின் பட்டியலும் வார்டு வாரியாக வருகிறது. எல்லாம் மராத்தியில் இருப்பதால் நம்மவர்களில் பலர் கண்ணில் படுவதில்லை. கல்யாண்-டோம்பிவிலி, வசாய்-விரார், தானே, நவி மும்பைப் பட்டியல்களையாவது மே மாதத்தில் தமிழில் வெளியிடுங்கள். வீட்டு விளம்பரம் தருவோரிடம் ரேரா எண்ணோடு சி.சி. எண்ணையும் தேதியையும் கேட்டு வாங்கி அச்சிடுங்கள். தர மறுப்பவரின் விளம்பரத்தைத் திருப்பி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
வீட்டுவசதிச் சங்க முன்னாள் செயலாளர் ஒருவர்,
டோம்பிவிலி கிழக்கு