பாவம் அந்த ட்ரான்ஸ்ஃபார்மர்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல வால்வு ரேடியோ ரிப்பேர் பண்றவங்களப் பத்தி போட்டிருந்தீங்க, நல்லா இருந்துச்சு. ஆனா அதே வால்வு, அந்தக் கண்ணாடிக் குழா, இன்னும் மேடையேறி ஓடிட்டிருக்கிற சாமான் ஒண்ணு இருக்கே, கிட்டார் ஆம்ப், கிட்டார் சவுண்ட பெருக்கிக் குடுக்குற பொட்டி, அதப் பத்தி ஒரு வரிகூட இல்லியே. எங்க ராயபுரம் வீட்ல ஒண்ணு இருக்கு, பழைய ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப், ஆஸ்திரேலியா போன ஒரு பெரம்பூர் குடும்பம் வித்துட்டுப் போனது. பையன் கச்சேரிக்குத் தூக்கிட்டுப் போவான்.

அதுல நார்மல், வைப்ரேட்டோன்னு ரெண்டு சேனல், கிட்டார சொருவ ரெண்டு தனித்தனி வழி. நார்மல்ல திடீர்னு சவுண்டு பாதியாயிடுச்சு. மெக்கானிக்கு ஒருத்தர் வந்தாரு, மீட்டர வெச்சு வோல்டேஜ் பாத்தாரு, எல்லாம் சரியா இருக்கு, அப்ப ஸ்பீக்கருக்கு சிக்னல மாத்திக் குடுக்குற அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர்தான் போயிருக்குன்னுட்டாரு. கேட்ட துட்டுக்கு புதுசா ஒரு கிட்டாரே வாங்கிடலாம்.

நான் கேக்குறது ஒண்ணுதான். பவர் வால்வு, ட்ரான்ஸ்ஃபார்மர், ஸ்பீக்கர் எல்லாம் ரெண்டு சேனலுக்கும் பொது. அது போச்சுன்னா ரெண்டும் சேந்துதானே படுக்கணும், லைன்ல லோ வோல்டேஜ் வந்தா வீடே மங்குற மாதிரி? வைப்ரேட்டோ கணீர்னு பாடுது, நார்மல் மட்டும் முனகுது, அப்ப நோவு ரெண்டும் கலக்குற எடத்துக்கு முன்னாடியேதான் இருக்கணும்.

அப்புறம் நானே உக்காந்தேன். மொத நாள் முழுக்க ஏமாந்தது எதுலன்னா, ஒவ்வொரு சேனலுக்கும் ஜாக் ரெண்டு இருக்கு, 2-ம் நம்பர்ல சொருவுனா சிக்னல் பாதிதான் உள்ள போகும், அது அதோட டிசைன். நான் இங்க 1, அங்க 2-ன்னு மாத்தி மாத்தி சொருவிட்டு ஒப்பிட்டுப் பாத்துட்டிருந்தேன், பையன் சிரிச்சான். அடுத்து ஆம்ப ஆஃப் பண்ணி, ஆறவிட்டு, ரெண்டு சேனலோட மொத வால்வையும் எடம் மாத்திப் போட்டேன், ரெண்டுமே 12ஏஎக்ஸ்7ங்கற ஒரே ரக வால்வுதான். நோவு வால்வு கூடவே அந்தப் பக்கம் போயிருந்தா வால்வுதான் குத்தவாளி. போகல, நார்மல்லயே நின்னுச்சு. கடல் பக்கத்து உப்புக் காத்துல சாக்கெட்டுல களிம்பு பிடிச்சிருந்துச்சு, வால்யூம் கன்ட்ரோல்ல கரகரப்பும் இருந்துச்சு, ரெண்டையும் காண்டாக்ட் கிளீனர் அடிச்சு தொடச்சேன், கரகரப்பு போச்சு, சவுண்டு ஏறல.

கடைசியில மாட்டுனது நார்மல் சேனல் வால்வோட கேதோடுல, அதாவது எலக்ட்ரான் கெளம்புற முனையில, இருந்த 25 மைக்ரோஃபாரட் கண்டென்சர். உள்ள காஞ்சு போயிருந்துச்சு. இதுல ஒரு வேடிக்கை, இது காஞ்சா டிசி வோல்டேஜ், அதாவது நிலையா நிக்கிற வோல்டேஜ், ஒரு துளி மாறாது, அதான் அந்த மெக்கானிக்கோட மீட்டர் எல்லாம் சரின்னு சொல்லிச்சு. ஆனா சிக்னல சுமார் 60 மடங்கு பெருக்க வேண்டிய வால்வு 30 மடங்குதான் பெருக்கும், காதுக்குக் கேக்குற கொறச்சல் அதுதான். எலக்ட்ரானிக்ஸ் கடைங்க இருக்குற ரிச்சி ஸ்ட்ரீட்ல 22 மைக்ரோஃபாரட் ஒண்ணு வாங்கியாந்து பழசுக்கு இணையா கிளிப் பண்ணி ஆன் பண்ணேன், கிட்டார் எழுந்து நின்னுச்சு. அப்புறம்தான் பழசக் கழட்டிட்டு இதையே சால்டர் பண்ணேன். டீ செலவுதான்.

இதப் படிச்சிட்டு யாரும் வெறுங்கையோட ஆம்ப திறந்துடாதீங்க சாமி. உள்ள 400 வோல்ட்டு கிட்ட ஓடுது, பிளக்க புடுங்குன பெறகும் ஃபில்டர் கண்டென்சருங்க அத புடிச்சு வெச்சுக்கும். ரெசிஸ்டர் வழியா டிஸ்சார்ஜ் பண்ணி, மீட்டர்ல சைபர் பாத்துட்டுத்தான் கைய வெக்கணும், வால்வு வேலை தெரிஞ்சவரு பக்கத்துல இருந்தா இன்னும் நல்லது. எனக்கு சின்ன வயசுல ரேடியோ கடையில ஒரு தபா வாங்குன ஷாக்கு இன்னும் ஞாபகம் இருக்கு.

இப்ப ரெண்டு சேனலும் சமமான்னு கேட்டா, இல்ல. ஒரே நம்பர்ல வெச்சா வைப்ரேட்டோ கொஞ்சம் தூக்கலாத்தான் கேக்கும், அதோட வால்யூம்ல 47 பிகோஃபாரட்ல கீச்சு சவுண்ட தூக்கிக் குடுக்குற பிரைட் கண்டென்சர் ஒண்ணு உண்டு, நார்மல்ல கெடையாது. பையன் அதையும் சரி பண்ணுப்பான்றான், முடியாதுன்னுட்டேன்.

இப்படிக்கு,
ராயபுரம் வாசகர்